முதல் ஐம்பது பேர்

பந்தலூர் எஸ்டேட் பள்ளி அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: மேனேஜர் ஹரிதாஸ், கோவையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் வரதராஜ், அட்டெண்டர் தங்கையா.

“நூறு பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனை வச்சோம். மரபணு பார்க்க எச்சிலும் எடுத்தோம். முதல் ஐம்பது பேர் லயத்து வரிசை வீடுகள்ல இருக்கிற தொழிலாளிங்க பிள்ளைங்க. மார்க் படுமோசம். மரபணுவிலேயே இருக்கு சார், படிக்க வச்சுப் பிரயோஜனமில்ல” என்றார் பேராசிரியர்.

“அதான் பதினொன்றாம் வகுப்பை மூட ஆர்டர் போட்டுட்டேன். ஸ்டாஃப் பிள்ளைங்க கூடலூர்ல படிச்சுக்குவாங்க” என்றார் ஹரிதாஸ்.

தங்கையாவின் மகள் வாசுகி அந்த வகுப்பில்தான் படித்தாள்.

“ஐயா, முதல் ஐம்பதும் லயத்துப் புள்ளைக இல்லீங்க. ஸ்டாஃப் புள்ளைக” என்றார் தங்கையா.

“லயத்துப் பிள்ளைங்களை முதல்ல அனுப்பச் சொன்னேனேய்யா!” என்றார் பேராசிரியர்.

“சொன்னீங்க. ஸ்டாஃப் புள்ளைகளை வெளிய நிக்க வச்சிட்டு எங்க புள்ளைகளை உள்ள விட்டா என் வேலை நிலைக்குமுங்களா?”

ஹரிதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதுல என் பையனும் இருக்கானே. அப்ப அவன் மரபணுவும் கோளாறா?”

“சேச்சே! அன்னைக்குக் குளிர் ஜாஸ்தி சார். கேள்வித்தாளும் சரியில்ல.” பேராசிரியர் அறிக்கையைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

தங்கையாவுக்கு உயிர் வந்தது. “அப்ப வகுப்பு நடக்குமுங்களா?”

“போட்ட ஆர்டர் போட்டதுதான். போய்ப் பூட்டு” என்றார் ஹரிதாஸ்.

வாசுகி பையை எடுத்துக்கொண்டு வகுப்பிலிருந்து கடைசியாக வெளியே வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அப்பா கதவைச் சாத்திப் பூட்டினார்.