கிராம் பிசகாத மாஸ்டர்

"வேலைன்னு கூப்பிட்டிருந்தாங்க" என்று வாசலில் வந்து நின்றவரின் தோளில் ஒரு பை தொங்கியது.

ஜூஸ் கடைக்காரம்மாவுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. "வாங்க மாஸ்டர், உள்ள வாங்க! காலையிலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

மாஸ்டர் என்றதும் அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

பழைய மாஸ்டர் வேலையை விட்டுப் போய் ஒரு வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து அவளுடைய கணவர்தான் ஜூஸ் கலக்குகிறார். நேற்று எதிர் ஆபீஸில் ஒருவர் எலுமிச்சை ஜூஸைக் குடித்துவிட்டு வெகுநேரம் கண்ணைத் திறக்கவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரரின் டம்ளரையோ எறும்பு மொய்த்தது. இன்று மதியம் அங்கே நாற்பது பேருக்குக் கொடுக்க வேண்டும். இதிலும் சொதப்பினால் வேறு கடைதான் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

வந்தவர் பழத்தைத் தொடவே இல்லை. நேராகத் தராசிடம் போனார். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார், தூசியை ஊதினார், மேடையில் ஆடாமல் உட்கார வைத்தார்.

தொழில் தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒரு டம்ளருக்குச் சர்க்கரை எவ்வளவுங்க?"

"முப்பது கிராம்."

காலி டம்ளரை வைத்து, பட்டனைத் தட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். சர்க்கரையைக் கொட்டினார். முப்பது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். முப்பது. தட்டின் ஓரமாகத் தள்ளி வைத்துப் பார்த்தார். அப்போதும் முப்பதுதான்.

சாறு இருபத்தைந்து, தண்ணீர் இருநூறு என்று அவள் சொல்லச் சொல்ல, குனிந்து எண்ணையே பார்த்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஊற்றினார்.

"அப்புறம் ஐஸ் நாலு கட்டி."

"கட்டிக் கணக்கெல்லாம் வேண்டாங்க. கிராம் சொல்லுங்க."

அவளுக்குப் புல்லரித்தது. எடுத்துக் குடித்தாள். "அடடா!" இன்னொன்று போடச் சொன்னாள். மூன்றாவதும் போடச் சொன்னாள். மூன்றும் அச்சு அசல் ஒரே ருசி!

"நீங்களும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க மாஸ்டர்."

"எனக்குச் சளிங்க."

"சரி, இனிமே இந்த மேடை உங்களோடது. எங்க வீட்டுக்காரரை இந்தப் பக்கமே விடமாட்டேன். அவர் கையில என்னதான் கோளாறோ, ஒரு நாள் போட்ட மாதிரி மறுநாள் வர்றதில்ல!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், ஐஸ் மூட்டையோடு கணவரே உள்ளே நுழைந்தார். மேடையருகில் நின்றவரைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

வந்தவர் பையை மாட்டிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"சார், போன்ல ரிப்பேர்னு சொன்னீங்களே, தராசுல ஒரு கோளாறும் இல்லீங்க."