பிளக் பேசிய பேரம்

டர்போ காரில் ஏறப்போகிற சந்தோஷத்தில் புது ஸ்பார்க் பிளக்குக்குத் தலைகால் புரியவில்லை. இடைவெளி அளக்கிற கேஜ் வந்து, "தம்பி, நுனியில இடைவெளி அதிகம். நெருக்கணும்" என்றது.

"அண்ணே, அகலமா இருந்தாத்தானே பொறி பெருசா வரும்? அடிமாட்டு விலைக்குக் கேக்காதீங்க! உங்களுக்காக ஒரு மயிரிழை குறைச்சுக்கறேன், அவ்வளவுதான்."

மன்றாடிப் பார்த்த கேஜ், "எக்கேடோ கெட்டுப் போ!" என்று விட்டுவிட்டது.

பேரத்தில் ஜெயித்த பிளக், இன்ஜினுக்குள் போய்ப் பொறியாய்க் கொட்டியது. தெருவில் வண்டி அமர்க்களமாகத்தான் ஓடியது. மேம்பாலம் ஏறும்போது டர்போ 'உஸ்ஸ்' என்று காற்றைத் திணிக்க, அகல இடைவெளியைத் தாண்ட முடியாமல் பொறி அணைந்து வண்டி விக்கியது.

"டர்போ அண்ணே, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், பாதியா ஊதுங்களேன்!"

"காத்துகிட்டயே பேரமா?" டர்போ இன்னும் பலமாக ஊதியது.

சாயங்காலமே பிளக்கைக் கழற்றி மேசையில் போட்டார்கள். பக்கத்தில் குப்பைக்கூடை. பிளக் அவசரமாகக் கேஜைக் கூப்பிட்டது.

"கேஜண்ணே, காலையில சொன்ன அளவுக்கே முடிச்சுக்கலாம். அந்தக் கூடை மட்டும் வேண்டாம்!"

கேஜ் சிரித்துக்கொண்டே சரியான அளவுக்கு நெருக்கிவிட்டது. மறுபடி இன்ஜினுக்குள் இறங்கும்போது பிளக் திரும்பிக் கத்தியது:

"அண்ணே, இன்னொரு மயிரிழை குறைச்சுத் தரட்டுமா? பழகின ஆளு, உங்களுக்காக!"