பின்பக்க இடது கதவு

சேர்மன் விரலை உயர்த்தினார். காருக்குள் இருந்த மற்ற இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

நான்கு கண்ணாடிகளும் ஏற்றப்பட்டிருந்தன. பட்டறைக்கார அம்மா வெளியே நின்று வண்டியின் பின்புறத்தை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி விட, அது பள்ளத்தில் இறங்கி ஏறுவது போல ஆடியது.

"கேக்குதா?" என்றார் சேர்மன்.

கேட்கிறது என்றார் பக்கத்தில் இருந்த மேலாளர். சேர்மனுக்குக் கேட்டது எதுவும் அவருக்குக் கேட்காமல் போனதில்லை. அந்தத் திறமையால்தான் அவர் மேலாளர்.

தன் காதைப் பற்றி சேர்மனுக்குத் தனிப் பெருமை உண்டு. ஆலையில் ஒரு இயந்திரம் தும்மினாலும் மாடியறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று அவரே சொல்வார். அவர் சொன்ன பிறகு மற்றவர்களும் சொல்வார்கள்.

காரில் கேட்கும் இந்தக் கீச்சொலிக்கு இப்போது நான்கு மாத வயது. அலுவலகத்தில் அதற்கென்று ஒரு கோப்பு இருந்தது. பின்பக்க இடது கதவு ரப்பர் என்று மேலாளர் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டார். சுண்டெலி போல இருக்கிறது என்று கணக்கு அதிகாரியும், மைனாக் குஞ்சு போல இருக்கிறது என்று விற்பனை அதிகாரியும் கருத்துத் தெரிவித்திருந்தார்கள். இருவரும் ஒரே நாளில், ஒரே இருக்கையில் உட்கார்ந்து கேட்டவர்கள். எலியா பறவையா என்று தீராததால் ஒரு கூட்டம் போட வேண்டியிருந்தது.

முந்தைய ஓட்டுநர் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். காது மந்தமானவரை நம்பி எப்படி வண்டியில் ஏறுவது என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காது நன்றாக இருப்பதாக டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்து நீட்டினார். அதை வாங்கிப் பார்க்க ஆள் இல்லை.

இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அவருக்கு அடுத்து வந்தவர். சேர்ந்த அன்றே இவரிடமும் கேட்டார்கள். கம்பெனி கொடுத்த வீட்டில் அன்று காலையில்தான் பாத்திரம் பண்டங்களை இறக்கியிருந்தார். கேட்கிறது என்றார். அது மட்டும் சொன்னால் போதாது என்று தோன்றவே, பின்பக்கமிருந்து வருகிறது என்று இடத்தையும் சேர்த்துச் சொன்னார்.

பட்டறைக்கார அம்மா வேலையில் குறை வைக்கவில்லை. ரப்பரை ஈரத்துணியால் துடைத்தார். கண்ணாடி இறங்கும் இடுக்கில் பிரஷ்ஷை விட்டு மணலை எடுத்தார். காய்ந்த பிறகு சிலிக்கோன் கிரீஸை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவினார். எண்ணெய் விடலாமே என்று மேலாளர் சொன்ன யோசனையை மட்டும், ரப்பர் உப்பிவிடும் என்று ஒதுக்கிவிட்டார்.

இது மூன்றாவது தடவை.

போன தடவை அந்த அம்மா ஓட்டுநரைத் தனியே கூப்பிட்டு, தானே நாலு தெரு ஓட்டிப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லையே, உங்களுக்கு நிஜமாகவே கேட்கிறதா அண்ணே என்று விசாரித்தார். ஓட்டுநர் குனிந்து, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

இன்றும் சத்தம் நிற்காவிட்டால் வண்டியோடு ஓட்டுநரையும் மாற்றலாம் என்று மேலாளர் எழுதி, கையெழுத்துக்கு வைத்திருந்தார். டைப் அடித்த பெண் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டாள்.

கை ஓய்ந்துபோய் அந்த அம்மா அழுத்துவதை நிறுத்தினார். கார் அசையாமல் நின்றது. எஞ்சின் ஓடவில்லை. மேலாளரின் உத்தரவால் பட்டறை ஆட்கள்கூட வெளியே தெருவில் நின்றிருந்தார்கள்.

சேர்மனின் விரல் இறங்கவில்லை.

இப்போதும் கேட்கிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். முன்னைவிடத் தெளிவாகவே கேட்கிறது என்றார் மேலாளர். சந்தேகம் தீரட்டும் என்று காதைக் கதவு ரப்பரில் ஒட்டியும் காட்டினார்.

ஆடாத ரப்பர் கத்தாது. அது ஓட்டுநருக்குத் தெரியும்.

அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். சேர்மன் கண்களை மூடியிருந்தார். கூட்டங்களில் மேசையைக் குத்தும் கை, இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. தலையை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், காதைச் சுற்றும் கொசுவிடமிருந்து தப்பப் பார்ப்பவர் போல. எந்தப் பக்கம் திருப்பியும் முகத்தில் மாற்றம் இல்லை.

இந்தப் பட்டறைக்கு வந்துபோன வழியில் ஒரு நாளாவது ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கலாம் என்று ஓட்டுநருக்குத் தோன்றியது. சாமான்களை மறுபடி ஏற்ற எத்தனை நடை ஆகும் என்றும் மனசின் இன்னொரு பக்கம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குக் கேக்கல சார். ஒரு நாளும் கேட்டதில்ல. பயந்துக்கிட்டு சொல்லிட்டேன்."

மேலாளர் காதை ரப்பரிலிருந்து எடுத்தார். தனக்கு இப்போது கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள சேர்மனின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சேர்மன் கத்தவில்லை. விரலை மடக்கிக்கொண்டார். முன்னிருக்கையைப் பிடித்தபடி எழுந்து, மேலாளருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, ஓட்டுநரின் தோளருகே குனிந்தார்.

"அப்ப, வீட்ல கேக்குறது என்னப்பா?"