இருபத்தொரு பேர் சொன்ன விடை

"சிவரஞ்சனி, நீ நாளைக்கு லீவு போட்டுக்க."

எட்டாம் வகுப்பே சிரித்தது. பரிமளா டீச்சர் சிரிக்கவில்லை.

நாளைக்கு ஆய்வு. போன வருஷம் கேட்ட கணக்கைத்தான் இந்த வருஷமும் கேட்கிறார்களாம். இருபத்தொரு பிள்ளைகளும் விடையை உருப்போட்டுவிட்டார்கள். இவள் ஒருத்திதான் ஒரு வாரமாக, "ஏன் டீச்சர் அப்படி வருது?" என்று உயிரை வாங்குகிறாள்.

"நான் வாரேன் டீச்சர். போட்டுப் பாத்துச் சொல்றேன்."

"போட்டுப் பாக்காதன்னுதாண்டி சொல்றேன்! தப்பாச் சொன்னா மெல்லக் கற்போர் லிஸ்ட்டுல ஏத்திருவாங்க. வருஷம் பூரா தனியா ஒக்காந்து கூட்டல் கழித்தல்தான் போடணும்."

மறுநாள் வகுப்புக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள் அவள்.

ஆய்வுக்கு வந்த அறிவுச்செல்வன் சார் கேள்வித்தாளைப் பிரித்தார்.

"மூணு இலக்க எண். இலக்கங்களைப் பெருக்கினா எழுபது. எண்ணைத் திருப்பிப் போட்டா 495 குறையும். அந்த எண் என்ன?"

"இருநூத்தி அம்பத்தேழு சார்!" இருபத்தொரு குரல்.

பரிமளாவுக்குத் திக்கென்றது. போன வருஷக் கணக்கில் 'கூடும்' என்றல்லவா இருந்தது?

அறிவுச்செல்வன் விடைத்தாளைப் பார்த்தார். "257. வெரிகுட்!"

கேள்வியை மாற்றியவர்கள் விடையை மாற்ற மறந்திருக்கிறார்கள். அதற்குள் அறிவுச்செல்வன் சிவரஞ்சனி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ மட்டும் வாயே தொறக்கல?"

சிவரஞ்சனி எழுந்து போய்ப் போர்டில் எழுதினாள். 70 = 2 × 5 × 7.

"இந்த மூணு இலக்கந்தான் சார் வரும். திருப்பிப் போட்டா நூறு எடமும் ஒண்ணு எடமும்தான் மாறும். 495-அ 99-ஆல வகுத்தா அஞ்சு. அஞ்சு வித்தியாசம்னா ஏழும் ரெண்டும். திருப்பினா கொறையணும்ல? அப்ப ஏழுதான் முன்னாடி நிக்கணும். 752 சார்."

"இதுல 257-னு போட்டிருக்கே..." அவர் விடைத்தாளைப் பரிமளாவிடம் நீட்டினார். "நீங்க கணக்கு டீச்சர். நீங்களே சொல்லுங்க."

பரிமளா போர்டைப் பார்த்தார். 752-ல் 257 போனால் 495. சந்தேகமே இல்லை.

ஆனால் இவள் சரியென்றால் இருபத்தொரு பேர் தப்பு. நல்லாசிரியர் விருதுக்கு வேறு அவர் பெயர் போயிருக்கிறது.

"தப்புதான் சார். இவ எப்பவுமே கொஞ்சம் மந்தம்."

சிவரஞ்சனி சாக்பீஸை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். முதல்முறையாக, 'ஏன்' என்று கேட்கவில்லை.

வாசலில் அறிவுச்செல்வன் பைக்கை எடுத்தபோது பரிமளாவுக்கு மனசு கேட்கவில்லை.

"சார்... அந்தப் பிள்ள போட்டது..."

"சரிதான் டீச்சர். முதல் ஸ்கூல்லயே நானும் பாத்துட்டேன்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "ஆனா இருபத்தெட்டு ஸ்கூலுக்கு 257-னு மார்க் போட்டாச்சே! எங்க அவ பக்கம் பேசிருவீங்களோன்னு பயந்துட்டேன். நல்லவேளை, நீங்க அனுபவசாலி. லிஸ்ட்டுல அவ பேரை மட்டும் மறக்காம ஏத்திருங்க."