பல்லியின் சீரியல் விமர்சனம்

பல்லி கத்துவது சகுனம் என்று பலர் நம்புகிறார்கள். பெரும் பிழை. அது டி.வி. சீரியலுக்கு விமர்சனம் சொல்கிறது.

நேற்றிலிருந்து பட்டினி கிடந்த ஒரு பல்லி டி.வி. ஓரத்தில் பதுங்கியிருந்தது. விட்டில்பூச்சி ஒன்று திரையில் வந்து உட்கார்ந்தது. பல்லி நெருங்கியது.

பயந்துபோன விட்டில், "அக்கா, இந்த சீரியல் நல்லா இருக்கா?" என்றது.

"தூ! இதெல்லாம் ஒரு கதையா? ஆறு மாசமா ஒரே கல்யாணம். தாலி கட்டப் போறப்போ தினமும் எவனாவது 'நிறுத்துங்க'ன்னு வந்துடுறான். அந்தப் பொண்ணு அழுறதைப் பார்த்தா எனக்கு வாலே கழண்டுடும் போலிருக்கு."

"அப்போ பார்க்காம இருக்கலாமே?"

"பார்க்காம எப்படிடி திட்டுறது?"

திரையில் மாப்பிள்ளை தாலியை எடுத்தான். விட்டில் பின்னால் நகர்ந்து சரியாக அவன் கைமேல் நின்றது.

"ஏய், மறைக்குது, தள்ளுடி!" என்று கத்தியது பல்லி.

விட்டில் தெருவிளக்கு வரை தள்ளிப் போனது. பல்லி அன்றும் பட்டினியாகப் படுத்தது.