ஏழாம் கட்டத்துச் செவ்வாய்

பெண் பார்க்க வருகிறவர்கள் மிதிக்காமல் உள்ளே நுழைய முடியாதபடி, வாசலை அடைத்துத் தன் ஜாதகத்தையே கோலமாகப் போட்டாள் குமுதா. நடுவே காலியாக விட்டுச் சுற்றிலும் பன்னிரண்டு கட்டங்கள். லக்னத்திலிருந்து ஏழாவதில், செவ்வாய்க்கென்று ஒரு கை காவிப்பொடியை அள்ளி வைத்தாள்.

அப்பா தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்.

"அழிச்சிரும்மா! பொறந்த நேரத்த ஒரு மணி தள்ளிப் போட்டு, தோஷமே இல்லாம ஜோசியர் எழுதிக் குடுத்துட்டாரு. அதப் பாத்துத்தானே அவங்க வர்றாங்க."

அந்தத் தில்லுமுல்லை அவள் சும்மா கண்டுபிடிக்கவில்லை. நூலகத்துச் சோதிட அலமாரியைக் கரைத்துக் குடித்து, தான் பிறந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்து, தானே கணித்துப் பார்த்திருந்தாள்.

"செவ்வாய் இருந்தா இருந்துட்டுப் போகுது. என்னைப் பெத்த அரை மணி நேரத்துல அம்மா போயிட்டா. அதுவரைக்கும் என்னை மார்ல போட்டுப் பாத்துக்கிட்டே கெடந்தான்னு நீங்கதானப்பா சொன்னீங்க? ஒரு மணி நேரம் தள்ளிப் பொறந்தேன்னா, அவ என் மொகத்தையே பாக்கலன்னு ஆகுதே. இவங்களுக்காக அதையும் குடுக்கணுமா?"

தெருமுனையில் கார் திரும்பியது. அப்பா வாளியைக் கீழே வைத்தார். குனிந்து, காற்றில் சிதறிக் கிடந்த காவிப்பொடியை விரலால் கூட்டி ஏழாம் கட்டத்துக்குள் தள்ளினார்.