கார் நுழையாத தெரு

நவம்பர் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். அப்பாவிடம் ஒரே ஒரு ஹோட்டலின் பெயரைத்தான் சொல்வதாக இருந்தது. வாய் தவறி மூன்றையும் சொல்லிவிட்டேன்.

தோருன் இதை எழுதி முடிப்பதற்குள் அண்ணன் ஐவின்ட் அழைத்துவிட்டான்.

"பெரியவர் மசிஞ்சாரா?"

"யோசிச்சுச் சொல்றேன்னார். மூணு ஹோட்டல் பேரையும் உளறிட்டேன்ணா."

"உன்ன நம்பி ஒரு வேலையக் குடுத்தேன் பாரு! ரெண்டு நாள் அவர் வீட்ட விட்டுக் கிளம்பினா போதும். மிச்சத்த நான் முடிச்சிடுவேன். ஆளெல்லாம் பேசி வச்சாச்சு."

"பயமா இருக்கு. திரும்பிப் போய்ப் பார்த்தார்னா?"

"பார்க்குறப்போ ஒண்ணும் மிச்சம் இருக்காது. நீ அழாம இரு."

மிச்சம் இருக்கப்போவதில்லை என்று அவன் சொன்னது அப்பாவின் காரை. ஒப்டால் என்ற ஊரில் தனியாக இருக்கும் அப்பா அஸ்பியோர்னுக்கு எழுபத்தொன்பது வயது. வலது கண்ணில் எப்போதும் பனிமூட்டம். இடது கண்ணும் மங்கி வருகிறது. வண்டி ஓட்டாதீர்கள் என்று சொன்ன டாக்டரை அவர் மாற்றிவிட்டார்.

வண்டி ஓட்டும் உரிமத்துக்கு எண்பது வயது ஆனால்தான் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அப்பாவின் சக்கரத்தில் யாராவது மாட்டிக்கொள்வார்கள் என்பதுதான் தோருனின் பயம். அந்தி நேரத்தில் போன் அடித்தாலே ஓடிப் போய் எடுப்பாள்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. அப்பாவைத் தான் இருக்கும் ட்ரோண்ட்ஹைம் நகரத்துக்கு வரவழைத்து, காரே நுழைய முடியாத தெருவில் தங்கவைக்க வேண்டும். அந்த இரண்டு நாளில் ஐவின்ட் காரை விற்று அனுப்பிவிடுவான்.

தோருன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். ரயில் நிலையத்திலிருந்து ஒவ்வொரு ஹோட்டலுக்கும் தானே நடந்து பார்த்திருந்தாள். முதல் ஹோட்டலில் தரைக்கடியில் கார் நிறுத்துமிடம். இரண்டாவதற்கு எதிரிலேயே ஒன்று. மூன்றாவது ஆற்றோரமாக, நடப்பவர்களுக்கு மட்டுமான தெருவில் இருந்தது. அப்பா முதலாவதைத்தான் பிடித்துக்கொள்வார், எல்லாம் தன்னால் கெட்டது என்று நொந்துகொண்டிருந்தபோது அவரே அழைத்தார்.

"அந்தப் பார்க்கிங் இருக்குற ஹோட்டல் வேண்டாம்டி. நான் ரயில்ல வர்றேன்."

தோருனுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. பால் வாங்க எதிர்க் கடைக்கே காரில் போகிற மனுஷர்!

"நெஜமாவாப்பா?"

"ஏன், கார் இல்லாம வான்னு ஒரு மாசமா நச்சரிச்சது நீதானே? சரி, அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து போற மாதிரி எது இருக்கு?"

"மூணாவதுதான். பாலத்தத் தாண்டினா ஆஸ்பத்திரி. கண்ணக் காட்டப் போறீங்களாப்பா?"



"பார்க்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை, வெளிச்சம் போன பிறகு ரயில் வந்தது. ஒரு வாரம் படுத்து எழுந்தவர் போல அப்பா இறங்கினார். தோருனின் கையைப் பிடித்தவர் ஹோட்டல் வரை விடவில்லை.

வழியில் ஒரே ஒரு சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. பச்சை விளக்கு எரிந்தும் அவர் காலை எடுத்து வைக்கவில்லை. தூரத்தில் நின்ற காரின் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் இவ்வளவு மோசமாகிவிட்டதா என்று நினைத்தபடி அவள் அவரை மெல்ல நடத்திக் கூட்டிப்போனாள். நல்ல வேளை, இனி ஓட்ட மாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"நல்ல இடமாப் பார்த்திருக்க" என்றார், அறைக்குள் வந்ததும். "சத்தமே இல்ல."

"உங்களுக்காக ஊரையே அளந்தேன்பா. சாப்பிடுங்க, மீன் சூப் சொல்லவா?"

"வேண்டாம்."

கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் போய் நின்றார். அக்கரையில் மருத்துவமனையின் கூரைமேல் ஒரு ஹெலிகாப்டர் மெல்ல இறங்கியது. அது இறங்கி, விசிறி நிற்கும்வரை அவர் அசையவில்லை.

தோருனின் போன் அதிர்ந்தது. ஐவின்ட். அவள் அவசரமாக அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க அண்ணனா?" அப்பா திரும்பாமலே கேட்டார். "கார்ல கை வைக்க வேண்டாம்னு சொல்லு."

"எந்தக் கார்ப்பா? என்ன சொல்றீங்க?"

"எனக்குக் கண்ணுதான் தெரியல, காது நல்லாத்தான் கேக்குது. அவன் காருக்கு ஆள் தேடினது ஊர்லயே பேச்சு, ரெண்டு பேரும் என்ன பண்றீங்கன்னு எப்பவோ தெரியும். விக்க வேண்டாம், தொடைக்கவும் வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"அப்பா, இதெல்லாம் உங்க நல்லதுக்குத்தான்..."

"திங்கக்கிழமை சாயங்காலம்டி. பள்ளிக்கூடப் பொண்ணு. பையில இருட்டுல மின்னுற பட்டையெல்லாம் ஒழுங்கா மாட்டியிருந்தா. இடிச்சிட்டு நான் நிக்காம வந்துட்டேன்." அவர் குரல் உள்ளே போனது. "ஹெலிகாப்டர்ல இங்கதான் கொண்டாந்தாங்களாம்."

கவிழ்த்து வைத்த போன் மேஜைமேல் மறுபடி அதிர்ந்தது. தோருன் அதை எடுக்கவில்லை.

"காலைல முதல்ல அந்தப் பொண்ணோட அம்மாவப் பார்ப்போம், அப்புறம் போலீஸ்" என்றார் அப்பா.